அந்த வீட்டில் இருந்த வரைக்கும்

குடியை நிறுத்திய ஒருவனைப் பற்றிக் கதை சொன்னால் கேட்பவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அப்புறம் குடிச்சானா, இல்லையா?" குடித்தான் என்றால் "எனக்கு அப்பவே தெரியும்" என்று தலையாட்டுவார். குடிக்கவில்லை என்றால் "நல்ல மனுசன்" என்பார். இரண்டிலும் அவருக்குக் கதை அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. நடுவில் அவன் குடிக்காமல் இருந்தானே, நாற்பது நாளோ மூன்று மாதமோ, அந்த நாள்களில் அந்த வீட்டில் என்ன நடந்தது, யார் நிம்மதியாகத் தூங்கினார்கள், யார் வாசல் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி விழித்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை. இலக்கியம் வாசிக்கிற நாமும் பெரும்பாலும் இதே கேள்வியோடுதான் கடைசிப் பக்கத்துக்கு ஓடுகிறோம்.

ரேமண்ட் கார்வரின் 'ஷெஃப்ஸ் ஹவுஸ்' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத கதை. 1981-ல் நியூயார்க்கர் இதழில் வெளிவந்து, 1983-ல் 'கதீட்ரல்' தொகுப்பில் சேர்ந்தது. மிகச் சிறிய கதை. ஒரு கோப்பி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். கார்வரைப் பற்றிப் பேசும்போது நம்மிடையே 'கதீட்ரல்' கதை வரும், குழந்தையை இழந்த பெற்றோரும் ரொட்டிக்கடைக்காரரும் வரும் கதை வரும். இந்தக் கதை அவ்வளவாக வருவதில்லை. ஆனால் மது அருந்துவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது என்றால் என்ன என்பதை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த வேறொரு கதையை நான் படித்ததில்லை. கூடவே, நமக்கு மிகவும் பழக்கமான ஒரு விஷயத்தை நாம் ஏன் எழுதாமல் இருக்கிறோம் என்ற கேள்வியையும் இது எழுப்புகிறது.

*

வெஸ் குடிகாரன். இப்போது நிறுத்தியிருக்கிறான். கலிபோர்னியாவின் வடகரையில், யுரேகா என்ற ஊருக்கு வடக்கே, கடல் தெரியும் வீடு ஒன்றை ஒரு கோடைக்காலத்துக்கு வாடகைக்கு எடுக்கிறான். வீட்டுக்காரர் ஷெஃப், அவரும் ஒரு காலத்தில் குடித்து மீண்டவர்தான். வாடகை என்று பேருக்கு ஏதோ வாங்கிக்கொள்கிறார். பிரிந்து வாழும் மனைவி எட்னாவுக்கு வெஸ் ஃபோன் போட்டு, வா, மறுபடியும் தொடங்கலாம் என்கிறான். எட்னாவுக்கு இப்போது வேறொரு துணை இருக்கிறது. அந்த ஆள் போகாதே என்கிறான். கோடைக்கு மட்டும் போகிறேன், வெஸ்ஸுக்காகப் போகிறேன் என்கிறாள். அப்போ என் கதி என்ன, போனால் திரும்பி வராதே என்கிறான் அவன். அவள் போகிறாள்.

அந்தக் கோடை முழுக்க அவர்கள் குடித்தது காப்பி, சோடா, பழச்சாறு. மீன் பிடிக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து எட்னா தன் கல்யாண மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். இரண்டு வருடமாகப் போடாத மோதிரம். வெஸ்ஸிடம் மோதிரம் இல்லை; போதையில் ஓர் இரவு அதைப் பீச் மரத்தோப்புக்குள் வீசியெறிந்துவிட்டவன் அவன்.

பிறகு ஒருநாள் ஷெஃப் காரில் வருகிறார். அவர் மகள் லிண்டாவின் கணவன் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனவன், தகவலே இல்லை. லிண்டாவுக்கு இப்போது இந்த வீடு வேண்டும். ஷெஃப் சங்கடத்தோடுதான் சொல்கிறார். அவர் போனதும் வெஸ் பெரிய நாற்காலியில் உட்காருகிறான். அந்த முகத்தை எட்னாவுக்குத் தெரியும். வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். நடந்தது எதுவுமே நடக்கவில்லை, இதுதான் முதல் தடவை என்று வைத்துக்கொள்ளேன் என்கிறாள். அப்படியென்றால் நாம் வேறு யாராகவோ இருந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி வெஸ் பதில் சொல்கிறான். எழுந்து போய்த் திரையை இழுத்து விடுகிறான், கடல் மறைந்துவிடுகிறது. எட்னா சமையலுக்குப் போகிறாள். ஐஸ்பெட்டியில் கொஞ்சம் மீன் இருக்கிறது. அன்றிரவோடு அது தீரும். கதை முடிகிறது.

வெஸ் மறுபடியும் குடித்தானா? கதையில் இல்லை. ஒரு பாட்டிலைக்கூடக் கார்வர் காட்டவில்லை. ஆனாலும் வாசித்த பெரும்பாலோர் அவன் குடித்துவிட்டான் என்றே கதையை நினைவில் வைத்திருக்கிறார்கள். நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

*

வெஸ்ஸின் மீது எளிதாக வரும் குற்றச்சாட்டு, அவன் சாக்குத் தேடுகிறான் என்பது. வீடு போனால் என்ன, மனஉறுதி இருக்கிறவனுக்கு எந்த வீடாக இருந்தால் என்ன? இந்த வாதத்தை நாம் வேறு சொற்களில் நிறையவே கேட்டிருக்கிறோம். "மனசு இருந்தா விட்டுரலாம்" என்று தண்ணி போடுகிறவரிடம் சொல்லாத உறவினர் உண்டா?

கார்வர் இந்த வாதத்தை ஏற்பவர் மாதிரி தெரியவில்லை. கதையில் மனஉறுதி பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருப்பதெல்லாம் சாமான்கள்: சன்னல், கடல், மோதிரம், ஃபோன், மீன். வெஸ் குடிக்காமல் இருப்பது இவற்றின் மேல்தான் நிற்கிறது. அவனுக்குள் எங்கோ 'உறுதி' என்ற ஒன்று தனியாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, வீடு மாறினால் அதையும் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம் என்று கதை நம்பவில்லை. அந்தச் சன்னலும், குடித்து மீண்ட ஒருவர் கொடுத்த அந்தக் கூரையும், மறுபடியும் வந்து சேர்ந்த மனைவியும் சேர்ந்து அவனைத் தாங்குகின்றன. ஒன்றை உருவினால் மற்றதும் சரிகிறது.

இது பலவீனம்தான். ஆனால் குடியை நிறுத்தியவர்களை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு, இதுதான் உண்மையான நிலைமை என்று தெரிந்திருக்கும். யாரும் காற்றில் நிறுத்துவதில்லை. ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்துகிறார்கள். நம் ஊரில் அந்த 'ஏதோ ஒன்று' பெரும்பாலும் கழுத்தில் தொங்குகிறது.

*

தைப்பூசத்துக்கு விரதம் எடுக்கிறவர்களில் சிலர் 48 நாள் இருப்பார்கள். சிலர் அதைவிடக் குறைவாக. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் 41 நாள். புரட்டாசியில் கவிச்சி விடுகிறவர்களில் பலர் தண்ணியையும் சேர்த்தே விடுகிறார்கள். தைப்பூசம் சனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ வருவதால் 48 நாள் விரதக்காரர் டிசம்பர் நடுவிலேயே நிறுத்தியாக வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஆண்டு முடிவில் கம்பெனி வைக்கிற விருந்து எல்லாம் அதற்குள் அடங்கும். 'டிரை ஜனவரி' என்று இங்கிலாந்தில் ஓர் அறநிறுவனம் 2013-ல் தொடங்கிய இயக்கம் புத்தாண்டைக் குடித்துக் கொண்டாடி முடித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த வகையில் பத்துமலைக்குக் காவடி எடுக்கும் ஒரு லாரி டிரைவர் செய்வது அதைவிடக் கஷ்டமான காரியம். ஆனால் அது ஆரோக்கியச் செய்தியாக எங்கும் வருவதில்லை. அவரும் அதை ஆரோக்கியத்துக்காகச் செய்வதாகச் சொல்வதில்லை.

அவருக்கு நாம் கொடுக்கும் பெயர் வேறு. "சாமிக்குப் பயந்து நிறுத்துறான், பூசம் முடிஞ்சா பாரு." விரதத்தை முடித்து வைக்கும் இடும்பன் பூசை நடக்கும் நாளிலேயே கடைக்கு ஓடுகிறவர்களைப் பற்றிய நகைச்சுவைகள் நம்மிடம் ஏராளம். படித்த இளைஞர்களுக்கு இது போலித்தனமாகவும் தெரிகிறது: ஒன்று விடு, இல்லை குடி, நடுவில் என்ன நாடகம்?

எனக்கு இந்தக் கேலி கொஞ்சம் அவசரமானதாகத் தோன்றுகிறது. விரதம் வெஸ்ஸின் வீட்டைப் போலவே ஒரு கட்டுமானம். அதற்கும் சாமான்கள் உண்டு: மாலை, காப்பு, மஞ்சள் வேட்டி, தனிப் பாய், தனித் தட்டு, விடியற்காலைக் குளியல். சுற்றியிருக்கிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. கழுத்தில் மாலையைப் பார்த்துவிட்டால் கோப்பிக் கடையில் கூட்டாளி பீரை ஊற்றி நீட்டமாட்டான். "அன்னே மாலை போட்டிருக்காரு" என்று அவனே கிளாசை நகர்த்தி வைப்பான். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய பாரத்தைக் குடிப்பவன் தலையிலிருந்து இறக்கி ஊர் சுமக்கிறது. குடியை விட முயல்கிற ஒருவனுக்குத் தினமும் பத்துத் தடவை 'வேண்டாம்' சொல்வதுதான் மிகவும் களைப்பூட்டும் வேலை என்று தெரிந்தால், அந்த மாலையின் மதிப்பும் தெரியும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைக் கார்வர் கதையோடு சேர்த்துப் படித்தபோதுதான் கவனித்தேன். எட்னா வருவதற்கு முன் வெஸ்ஸிடம் ஒரு நிபந்தனை வைக்கிறாள். தான் கட்டிக்கொண்ட பழைய வெஸ்ஸாக அவன் இருக்க வேண்டும். அவன் அழுகிறான். நிறுத்தியவனிடம் எல்லாக் குடும்பங்களும் கேட்பது இதுதான்: பழையபடி ஆகிவிடு. அந்தப் பழைய ஆள் இருக்கிறானா என்று அவனுக்கே தெரியாது. கடைசியில் வெஸ் தோற்பது இந்த இடத்தில்தான். வேறு ஆளாக இருந்தால்தான் முடியும், நான் வேறு ஆள் இல்லையே என்கிறான்.

விரதம் பழைய ஆளைக் கேட்பதில்லை. மாலை போட்ட அன்றே அவனுக்கு வேறு பெயர் வந்துவிடுகிறது. 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். முதல் நாள் வரைக்கும் "அந்தக் குடிகாரன்" என்று சொன்ன எதிர்வீட்டு அக்காள் "சாமி சாப்பிட்டீங்களா" என்கிறாள். கட்டிய மனைவியும் 'சாமி' என்கிறாள், பெற்ற பிள்ளையும் 'சாமி' என்கிறது. வெஸ்ஸால் முடியாது என்று சொன்ன அதே காரியம், வேறு யாராகவோ இருப்பது, இங்கே 41 நாளுக்கு ஒரு மனிதனுக்குக் கடனாகக் கொடுக்கப்படுகிறது. நாற்பத்திரண்டாவது நாள் மாலையோடு சேர்த்து அந்தப் பெயரையும் கழற்றி வாங்கிக்கொள்கிறோம். "சாமி" மறுபடியும் "யோவ்" ஆகிறான். அவன் அன்று சாயங்காலம் எங்கே போகிறான் என்று கேலி செய்கிறவர்கள், அவனிடமிருந்து எதைத் திரும்ப எடுத்தோம் என்பதையும் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

விரதத்தை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. அதற்குத் தேதி இருக்கிறது. அதுதான் அதன் பலமும் ஓட்டையும். முடிகிற நாள் தெரிந்திருப்பதால் தாங்க முடிகிறது. முடிகிற நாள் தெரிந்திருப்பதாலேயே, எத்தனையோ பேருக்கு அது வருடம் முழுக்கக் குடிப்பதற்கு வாங்கிய பாஸ் மாதிரியும் ஆகிவிடுகிறது: "நாந்தான் வருசத்துல ரெண்டு மாசம் தொடுறதே இல்லியே, நான் எப்படிக் குடிகாரன் ஆவேன்?" வெஸ்ஸின் கோடைக்கு இப்படித் தேதி கிடையாது. அது திடீரென்று ஒரு பிற்பகலில் கார் சத்தத்தோடு முடிகிறது. எது பரவாயில்லை என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, 'நிறுத்திவிட்டான்', 'நிறுத்தவில்லை' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்காத ஒரு பெரிய நிலப்பரப்பு நடுவில் இருப்பது தெரிகிறது.

*

இந்த நிலப்பரப்பு ஏன் நம் எழுத்தில் இல்லை? நான் வாசித்த தோட்டக் கதைகளில் குடிகாரர்கள் இரண்டு வகை. ஒருவர் கள்ளிலும் சம்சுவிலும் அழிந்துபோகிறவர். இன்னொருவர் மகளின் கண்ணீரையோ ஆசிரியரின் சொல்லையோ கேட்டுத் திருந்திவிடுகிறவர். நாற்பது நாள் நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்துகிறவர் அபூர்வம். ஆனால் உண்மையில் நாம் பார்த்த மாமாக்களில் பெரும்பாலோர் இந்த மூன்றாவது வகை.

இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். மலாயாவில் குடியை நிறுத்துவது தனிமனிதப் பிரச்சினையாக மட்டும் இருந்ததில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை நிர்வாகத்தின் ஏற்பாட்டில் நடந்தது; கூலியாகக் கொடுத்த காசு அங்கேயே திரும்பி வந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதோடும் சேர்த்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பிறகு, 1946–47-ல், கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியல்களை நடத்தியது. போலீசோடு மோதல் வந்தது. அந்த மனிதர்களுக்குக் கள்ளை விடுவது மானப் பிரச்சினை. மானப் பிரச்சினையில் 'கொஞ்ச நாளைக்கு' என்ற சொல்லுக்கு இடமில்லை. ஒரு சமூகமே எழுந்து நிற்க முயலும்போது, இன்றைக்கு நிறுத்தி அடுத்த மாதம் தொடங்குகிறவன் துரோகி மாதிரிதான் தெரிவான்.

அந்தப் போராட்டத்தின் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது நமக்கு ஒரு கதைவடிவத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது: எழுச்சி அல்லது வீழ்ச்சி. எண்பது வருடம் கழித்தும் நம் சிறுகதையாளர் குடிகாரனை எழுத உட்கார்ந்தால் இந்த வடிவம் கையைப் பிடித்து இழுக்கிறது. நம் நாட்டார் வழிபாடு இவ்வளவு கறாராக இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, முருகனுக்கு விரதமும் இருக்கிற மனிதனுக்கு அதில் முரண்பாடு தெரிவதில்லை. முரண்பாடு இருப்பது நம் கதைசொல்லும் முறைக்குத்தான்.

*

கார்வரும் குறை இல்லாதவர் அல்ல. 'ஷெஃப்ஸ் ஹவுஸ்' கதையில் எனக்கு இரண்டு இடங்கள் நெருடுகின்றன.

முதலாவது லிண்டா. கணவனைக் கடலில் தொலைத்துவிட்டு நிற்கிற பெண். இந்தக் கதையில் ஆகப்பெரிய இழப்பு அவளுடையது. ஆனால் அவள் கதைக்குள் வருவதே இல்லை. குடித்துத் திரிந்த காலத்தில் வெஸ் அவள் உடம்பைக் கேலி செய்து வைத்த பட்டப்பெயரோடுதான் அவளைப் பற்றிய பேச்சு நடக்கிறது. அவளுடைய துக்கம் இவர்களுடைய கோடையைக் கெடுக்க வந்த தடங்கல் மாதிரி ஆகிவிடுகிறது. குடிகாரனின் உலகம் இப்படித்தான் சுருங்கும், பிறர் துக்கம் அவனுக்கு இடைஞ்சலாகத்தான் படும் என்று கார்வர் காட்டுகிறார் என்று ஒருவர் வாதாடலாம். ஓரளவு சரிதான். ஆனால் கதையைச் சொல்வது வெஸ் இல்லை, எட்னா. அவள் ஏன் ஒரு கணமாவது லிண்டாவை நினைத்துப் பார்க்கவில்லை?

இரண்டாவது எட்னாவே. ஒருவன் தற்காலிகமாகக் குடிக்காமல் இருப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று இந்தக் கதையைக் கேட்டால், தெளிவான பதில் கிடைக்கிறது. எட்னா தன்னோடு இருந்தவனை விட்டுவிட்டு வருகிறாள். அவன் திரும்பி வராதே என்று சொல்லிவிட்டான். கோடை முடிந்தால் வெஸ்ஸுக்கு ஒரு வீடுதான் போகிறது, எட்னாவுக்கு இரண்டு. ஆனால் கடைசிப் பேச்சில் எடை முழுக்க வெஸ்ஸின் விரக்திக்குப் போகிறது. எட்னா மீன் வறுக்கப் போகிறாள். அவள் எங்கே போவாள் என்பது கதைக்கு வெளியே விடப்படுகிறது. அவள் வாயால் சொல்லப்படும் கதையில் அவளுடைய நாளையைப் பற்றி அவளே பேசாமல் இருப்பது, அவளுடைய இயல்பா, அல்லது ஆசிரியரின் கவனக்குறைவா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் பதில் மாறுகிறது.

இதே கேள்வியை நம் விரதங்களிடமும் கேட்க வேண்டும். 48 நாளும் விடியற்காலையில் எழுந்து தனிச் சமையல் செய்வது யார்? அந்த நாள்களை விரல்விட்டு எண்ணுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் எப்போது முடியும் என்று எண்ணுகிறார். இன்னொருவர் இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று எண்ணுகிறார். ஒரே காலண்டர். இந்த இரண்டாவது எண்ணிக்கையை எழுதிய ஒரு கதை நம்மிடம் வந்தால், அது எட்னாவையும் தாண்டிப் போகும்.

*

கார்வர் அடுத்த வருடமே, 1982-ல், இந்த விஷயத்துக்குத் திரும்பினார். 'வேர் ஐம் காலிங் ஃப்ரம்'. குடியை நிறுத்த வந்தவர்கள் சில நாள் தங்கும் ஓர் இல்லம். ஃபிராங்க் மார்ட்டின் என்பவர் நடத்துகிறார். கதைசொல்லி அங்கே வந்திருப்பது இரண்டாவது முறை. முதல் முறை மனைவி கொண்டுவந்து விட்டாள். இந்த முறை காதலி. வழியெல்லாம் குடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். புத்தாண்டு வருகிறது. அவனும் ஜே.பி. என்ற புகைபோக்கி சுத்தம் செய்கிறவனும் முன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஜே.பி. பேசுகிறான், இவன் கேட்கிறான். நிறுத்தாதே, மேலே சொல்லு என்று தூண்டிக்கொண்டே இருக்கிறான்.

அந்தப் பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் ஜாக் லண்டனின் வீடு இருந்தது என்று ஃபிராங்க் மார்ட்டின் காட்டுகிறார். நம் எல்லோரையும்விடப் பெரிய ஆள், அவராலேயே குடியைச் சமாளிக்க முடியவில்லை என்பது அவர் சொல்லும் பாடம். ஜாக் லண்டன் தன் குடியைப் பற்றியே 1913-ல் 'ஜான் பார்லிகார்ன்' என்ற நூலை எழுதியவர். கார்வர் இந்தப் பாடத்தை அடிக்கோடிடாமல் கடந்து போகிறார். அவருக்கு முக்கியமாகப் படுவது டைனி என்ற ஆளுக்கு நடப்பது. உடம்பு தேறிவிட்டது, புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சாப்பாட்டு மேசையில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்த டைனி, அப்படியே தரையில் விழுந்து வலிப்பில் துடிக்கிறான். அதற்குப் பிறகு கதைசொல்லி தன் உடம்பில் எங்கே ஒரு சின்னத் துடிப்பு வந்தாலும் பயப்படுகிறான்.

விரதத்தைப் பற்றிப் பேசிவிட்டு டைனியைப் பேசாமல் போவது நியாயமில்லை. தினமும் மிதமிஞ்சிக் குடித்து உடம்பைப் பழக்கிவிட்ட ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால், முதல் சில நாள்களில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத உருவம் தெரியும், குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவருக்கு இப்படி நடந்தால், "விரதத்துல ஏதோ குத்தம்" என்று சொல்லிக் கோயிலுக்குத் தூக்கிப் போகும் குடும்பங்கள் உண்டு. தூக்கிப் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது இன்னும் நல்லது. கார்வர் அறிவுரை சொல்லவில்லை. டைனியின் குதிகால் தரையில் அடிக்கும் சத்தத்தை நம்மைக் கேட்க வைத்தார், அவ்வளவுதான். ஆனால் தற்காலிக நிறுத்தம் என்பது உடம்போடு விளையாடும் விஷயமும்கூட என்பதை எந்தத் துண்டுப் பிரசுரத்தையும்விட அந்தக் காட்சி நன்றாகச் சொல்கிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, 'இரண்டாவது முறை' என்பதைக் கார்வர் எடுத்துக்கொள்ளும் விதம். கதைசொல்லி முதல் முறை தோற்றான் என்று யாரும் அவனைக் குத்திக்காட்டுவதில்லை. வந்தவனுக்குப் பாய் போட்டது மாதிரி இடம் கொடுக்கிறார்கள். அங்கே இருக்கிற எல்லோருமே தற்காலிகம்தான். யார் நிரந்தரமாக நிறுத்துவார், யார் அடுத்த வருடம் மூன்றாவது முறையாக வருவார் என்று யாருக்கும் தெரியாது. கதையின் முடிவில் அவன் கையில் சில்லறை இருக்கிறது. மனைவியைக் கூப்பிட வேண்டும், காதலியையும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டானா என்பதும் தெரியாது.

*

கார்வரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு கதைகளின் பின்னணி புரியும். 1976, 77-ல் அவர் குடியால் பல தடவை மருத்துவமனையிலும் இப்படிப்பட்ட இல்லங்களிலும் கிடந்தார். 1977 சூன் 2 அன்று நிறுத்தினார். 1988 ஆகஸ்ட் 2-ல் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும்வரை திரும்பத் தொடவில்லை. 'கதீட்ரல்' அந்தப் பதினொரு வருடங்களில் வந்தது.

நாம் இந்த வாழ்க்கையைச் சொல்லும்போது 1977-ஐ மட்டும் சொல்கிறோம். ஆனால் அதற்கு முன் அவர் நிறுத்தி, உடைந்து, மறுபடி நிறுத்திய நாள்களும் இருந்தன. அவை வீண் நாள்களா? அந்த நாள்களில்தான் அவர் டைனிகளையும் ஜே.பி.க்களையும் பார்த்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக ஒன்று: 1977 சூன் 3-ஆம் தேதி காலை, இது வேறு மாதிரியான நிறுத்தம் என்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முந்தைய தடவைகள் மாதிரி இன்னொரு தடவை என்றுதான் இருந்திருக்கும். பதினொரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கிற நாம்தான் அந்தத் தேதியைத் தடித்த எழுத்தில் போடுகிறோம்.

அதற்காகத் தற்காலிகமாக நிறுத்துகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் முழுசாக விட்டுவிடுவார்கள் என்று சொல்லவில்லை. 'டிரை ஜனவரி'யில் பங்கெடுத்தவர்களை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டி விசர் ஆராய்ந்து 2016-ல் எழுதினார். ஆறு மாதம் கழித்தும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகக் குடித்தார்கள். மாதத்தை முழுதாக முடிக்காதவர்களிடமும் அந்த மாற்றம் ஓரளவு இருந்தது. ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள். பெயர் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறவர்கள். டைனியையும் வெஸ்ஸையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. வெளியே ஒரு மாதம் ஜாலியாகச் சவால் விட்டு நிறுத்துகிறவருக்கும், நிறுத்தினால்தான் மனைவி திரும்பி வருவாள் என்று நிறுத்துகிறவனுக்கும் பொதுவான சொல் ஒன்று இருக்கலாம். பொதுவான கதை இல்லை.

நம் இளம் எழுத்தாளர்கள் யாராவது இதைக் கையில் எடுத்தால், முப்பதாவது நாளிலிருந்து தொடங்கச் சொல்வேன். முதல் நாளும் கடைசி நாளும் எல்லோருக்கும் தெரியும். முப்பதாவது நாள் ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அப்பாவிடம் பள்ளிக்கூடத்து நோட்டை நீட்டலாமா என்று பிள்ளை யோசிக்கும். ஒளித்து வைத்திருந்த வீட்டுச் செலவுக் காசை மறுபடியும் அலமாரியில் வைக்கலாமா என்று அம்மா யோசிப்பாள். நம்பலாமா, இல்லை நம்பினால் முட்டாள் ஆகிவிடுவோமா? இதில் இருக்கிற நடுக்கம் குடித்துவிட்டு அடிக்கிற காட்சியில்கூட இல்லை.

எட்னா மோதிரத்தைப் போட்டுக்கொண்டதும் அப்படி ஒரு நாளில்தான், சரியாக ஒரு மாதம் கழித்து. இதெல்லாம் நிலைக்காது என்று தெரிந்தே போட்டுக்கொண்டாள். அதை எப்போது கழற்றினாள் என்று கார்வர் எழுதவில்லை.